மூத்த மாப்பிள்ளையின் கேமரா

கேமராவுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, பூச்சரம் சுற்றி, கற்பூர வெளிச்சத்தில் அது பளபளத்ததைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்ட முட்டாள் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்துச் சிரிப்பதைவிட நானே சொல்லிவிட்டால் கொஞ்சம் மரியாதையாக இருக்கும். பொட்டை லென்சின் மேல் வைக்கவில்லை, அதன் மூடியின் மேல்தான் வைத்தேன் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். என் முட்டாள்தனத்துக்கும் ஓர் அளவு இருக்கிறது.

அப்படிச் செய்ததற்குக் காரணம் பக்தி என்று என் மாமியார் இன்றுவரை நம்புகிறார். பக்தி இல்லை, பொறாமை. வயிற்றெரிச்சல் என்று சொன்னால் இன்னும் பொருத்தம். அன்றைக்கு உண்மையிலேயே வயிற்றில்தான் எரிந்தது. காலையில் சாப்பிட்ட இட்லியின் மேல் பழியைப் போட்டேன்.

என் மனைவியின் ஊர் நன்னிலத்துக்குப் பக்கம். பஸ் போகும் சாலையை விட்டு இறங்கி, வாய்க்கால் கரையோடு உள்ளே போக வேண்டும். மாமனாருக்கு அங்கே நிலம் இருக்கிறது, ஒரு டிராக்டர் இருக்கிறது, ஒரு மகனும் இரண்டு மகள்களும் இருக்கிறார்கள். மூத்த மகளைக் கட்டியவன் நான். தஞ்சாவூரில் கணக்கு வாத்தியார். கல்யாணமாகிப் பல வருடங்கள் அந்த வீட்டுக்கு நான் ஒரே மாப்பிள்ளையாக இருந்தேன். அதன் சுகம் அனுபவித்தவனுக்குத்தான் தெரியும். நான் உள்ளே நுழைந்தால் டேபிள் ஃபேன் என் பக்கம் திரும்பும். குழம்பிலிருந்து விரால் மீனின் நடுத்துண்டு கேட்காமலே என் இலைக்கு வரும். நான் ஒரு நகைச்சுவை சொன்னால், அது முடிவதற்கு முன்பே மாமியார் சிரித்துவிடுவார். இப்படியே காலம் போய்விடும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டில் இன்னொரு பெண் இருக்கிறாள், அவளுக்கும் ஒருநாள் கல்யாணம் ஆகும் என்பதைக் கணக்கு வாத்தியாராகிய நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

ஆனது. சகலை வந்து சேர்ந்தார்.

என்னைவிட வயதில் இளையவர்தான். 'அவன்' என்றே எழுதலாம். என் மனைவி இதைப் படிப்பாள், அதனால் 'அவர்'. திருத்துறைப்பூண்டிக்காரர். சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. நல்ல உயரம். கல்லூரியில் வாலிபால் ஆடியவர். தலையில் முடி இருக்கிறது, அதுவும் காற்றில் அசைகிற அளவுக்கு. இத்தனையையும் மன்னித்திருப்பேன். ஆனால் அந்த மனிதர் நல்லவர். அதைத்தான் தாங்க முடியவில்லை. சாப்பிட்ட இலையைத் தானே எடுப்பார். மாமனாருக்கு மாத்திரை தீர்ந்துவிட்டதா என்று கேட்டு வாங்கி வருவார். என்னைப் பார்த்ததும், "வாங்கண்ணே, உக்காருங்கண்ணே" என்று தான் உட்கார்ந்திருந்த நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார். ஒருவரை நிம்மதியாக வெறுப்பதற்கு அவர் சின்னதாக ஒரு தப்பாவது செய்ய வேண்டாமா? அந்த உதவியைக்கூட அவர் எனக்குச் செய்ததில்லை.

நடுத்துண்டு போனது. ஃபேன் இரண்டு பக்கமும் தலையாட்ட ஆரம்பித்தது. அதையெல்லாம் விட்டுக்கொடுத்துவிட்டேன். விட்டுக்கொடுக்க முடியாதது ஒன்று இருந்தது. அந்த வீட்டுக் கூடத்துச் சுவர்.

வாசலில் நுழைந்ததும் கண்ணில் படுகிற சுவர் அது. அதில் பெரிய கண்ணாடிச் சட்டம் ஒன்று மட்டும் தொங்கும். ஒவ்வொரு வருடமும் ஆயுத பூஜைக்குப் பிள்ளைகள் எல்லாரும் ஊரில் கூடுவோம். அப்போது எடுக்கும் படங்களில் ஒன்றை மாமியார் தேர்ந்தெடுத்துப் பெரிதாக்கச் சொல்வார். தீபாவளிக்கு வெள்ளையடித்து முடித்ததும் பழைய படம் இறங்கி அது ஏறும். அடுத்த தீபாவளிவரை வருகிறவர்கள் எல்லாரும் அதைத்தான் பார்ப்பார்கள். "யாரு எடுத்தது?" என்று கேட்பார்கள். "எங்க மாப்பிள்ளை எடுத்தது" என்று மாமியார் சொல்வார். இந்த வழக்கத்தைத் தொடங்கி வைத்ததே நான்தான். புது மாப்பிள்ளையாக வந்த வருடம், கைக்கு அடக்கமான சின்னக் கேமரா ஒன்றில், டிராக்டருக்கு முன்னால் எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்து எடுத்தேன். அதற்குப் பிறகு வருடாவருடம் சுவரில் என் படம்தான். 'எங்க மாப்பிள்ளை' என்றால் நான்தான்.

சகலை வந்த வருடம் போனை எடுத்துச் சும்மா ஒரு தட்டுத் தட்டினார். மாமியார் பொரிப் பையைப் பிரித்துக்கொண்டே யாரோ கூப்பிட்டதற்குத் திரும்பிப் பார்க்கிற படம். அது சுவரில் ஏறியது. அடுத்த வருடமும் அவர் படம். அதற்கடுத்த வருடமும் அவர் படம். "எங்க மாப்பிள்ளை எடுத்தது" என்று மாமியார் இப்போதும் சொல்கிறார், ஆள்தான் மாறிவிட்டது. என் படங்களெல்லாம் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் செருகிக் கிடக்கின்றன. உருண்டுபோன பேனா ஒன்றைத் தேடும்போது ஒருநாள் பார்த்தேன். ஒரு படத்தில் என் மாமனாரின் நெற்றிக்கு நேராகப் பல்லி முட்டை ஒட்டியிருந்தது.

அன்றுதான் பெரிய கேமரா வாங்குவது என்று தீர்மானித்தேன். வாங்கிய கதையை விடுங்கள், அது வீட்டில் இன்னும் முடியாத பஞ்சாயத்து.

தஞ்சாவூரில் ஞாயிற்றுக்கிழமைதோறும் கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிற நண்பர்கள் சிலர் உண்டு. புரட்டாசி பிறந்துவிட்டால் அவர்களைப் பிடிக்க முடியாது. வெயில் கொஞ்சம் இறங்கியிருக்கும், மழை இன்னும் இறங்கியிருக்காது, வானத்தில் பொதி பொதியாக மேகம் நிற்கும். கல்லணைப் பக்கம் போவோம். வெண்ணாற்றங்கரையில் வண்டிகளை நிறுத்திவிட்டு, நட்ட வயல்களில் கொக்குகள் இறங்கக் காத்திருப்போம். ஆளுக்கொரு பிளாஸ்க்கில் டீ, பொட்டலத்தில் வடை. படம் எடுப்பதைவிட வடையைப் பற்றித்தான் அதிகம் பேசுவோம். நான் அவர்களோடு சேர்ந்தது வடைக்காக இல்லை, பயிற்சிக்காக. ஆயுத பூஜைக்குள் தேறிவிட வேண்டும்.

தேறவில்லை. எங்களில் மூத்தவர் மருந்துக்கடை வைத்திருப்பவர். எந்தப் படத்தையும் டாக்டர் கையெழுத்தைப் படிப்பதுபோலக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்ப்பார். ஒரு காலையில் என் கேமராவை வாங்கிப் பார்த்தார்.

"சார், இதுல மீன்கொத்தி எங்க?"

"இப்பத்தான் பறந்துச்சு."

"அப்ப இது?"

"அது உக்காந்திருந்த கம்பி."

அவர் இன்னும் கொஞ்சம் கண்ணைச் சுருக்கினார். "கம்பி நல்லா வந்துருக்கு சார்" என்று திருப்பிக் கொடுத்தார்.

என் சிக்கல் அதுதான். இந்தச் சக்கரத்தை இந்தப் பக்கம் திருப்பி, அந்தப் பொத்தானை அமுக்கி, வெளிச்சத்தின் அளவைச் சரிபார்த்து நான் நிமிரும்போது பறவை தன் வேலையை முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கும். மனதைத் தேற்றிக்கொண்டேன். மாமனார் வீட்டில் யாரும் பறக்க மாட்டார்கள். நில் என்றால் நிற்பார்கள்.

பூஜைக்கு முதல் நாள் குடும்பத்தோடு போய் இறங்கினோம். குறுவை அறுத்த வயல்களில் தாளடிக்குச் சேறு அடித்துக்கொண்டிருந்தார்கள். முன்னமே நட்ட சம்பா பச்சை பிடித்துவிட்டது. வாய்க்காலில் தண்ணீர் ததும்பிக்கொண்டு போனது. இந்த வெளிச்சத்துக்கு இந்தக் கேமரா போதும், சுவர் என்னுடையதுதான் என்று பைக்குள் கைவிட்டு ஒருமுறை தடவிக்கொண்டேன்.

மறுநாள் காலை கூடத்தில் பூஜை. வாழையிலைகளைப் பரப்பி அரிவாள், மண்வெட்டி, கடப்பாரை, மருந்தடிக்கும் ஸ்பிரேயர், மாமியாரின் அரிவாள்மணை எல்லாம் கழுவிப் பொட்டிட்டு வைத்திருந்தார்கள். வாசலில் டிராக்டருக்கு இரண்டு பக்கமும் வாழைக்கன்று. வருடாவருடம் என் பங்குக்குப் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை வைப்பேன். இந்த வருடமும் அதைத்தான் வைத்தேன். அதற்குப் பக்கத்தில் சகலை தன் லேப்டாப்பைக் கொண்டுவந்து வைத்தார்.

"எவ்ளோ மெல்லிசா இருக்கு பாருங்க, அப்பளம் மாதிரி" என்றார் மாமியார்.

பக்கத்து வீட்டிலிருந்து மாவிலை கேட்டு வந்த பெண்கள்கூட நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். என் கணக்குப் புத்தகத்தை யாரும் எந்தப் பலகாரத்தோடும் ஒப்பிடவில்லை.

நேரே உள்ளறைக்குப் போனேன். கேமராவை வெளியே எடுத்து, இருப்பதிலேயே நீளமான லென்சை மாட்டினேன். கொண்டுவந்து நட்டநடுவில், லேப்டாப்பை மறைக்கிற மாதிரி வைத்தேன். லென்ஸ் மூடிக்குப் பொட்டு வைத்தேன். மல்லிகைச் சரத்தில் ஒரு முழம் அறுத்துச் சுற்றினேன்.

"அட, பெரிய மாப்பிள்ளை பீரங்கியவே கொண்டாந்திருக்காரு" என்றார் மாமனார். அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

சகலை மட்டும் கொஞ்சம் தயங்கினார். "சூப்பர்ணே. ஆனா கேமராவ இங்க வைக்கிறீங்களே, மத்தியானத்துக்கு மேல…"

"ஏன் தம்பி, லேப்டாப் மட்டும்தான் ஆயுதமா?"

அவர் சிரித்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். முதல்முறையாக அவரை மடக்கிவிட்டேன் என்று எனக்கு ஒரே பூரிப்பு. கற்பூரம் காட்டும்போது எல்லார் கண்ணும் என் கேமரா மேல்தான் இருந்தது.

அந்த ஊரில் ஆயுத பூஜை அன்று பிற்பகல் வாலிபால் ஆட்டம் உண்டு. குறுவை நெல் கொள்முதலுக்குப் போய்க் களம் காலியாக இருக்கும். அதில் வலை கட்டுவார்கள். ஊரில் பிறந்த பிள்ளைகள் ஒரு பக்கம், ஊரில் பெண் எடுத்த மாப்பிள்ளைகள் மறுபக்கம். தோற்ற பக்கம் அன்று சாயங்காலம் எல்லாருக்கும் சுண்டலும் டீயும் பரிமாற வேண்டும். மாப்பிள்ளைகள் டீ டம்ளரைத் தூக்கிக்கொண்டு மாமியார் தெருவில் நடப்பதைப் பார்க்க மொத்த ஊரும் ஆசைப்படும் என்பதால் கூட்டத்துக்குக் குறைவில்லை. நான் ஒரு வருடமும் ஆடியதில்லை. "படம் எடுக்க ஓர் ஆள் வேணுமில்ல" என்று கேமராவோடு ஓரத்தில் நின்றுகொள்வேன். வீட்டில் உள்ள அத்தனை பேரும் புதுத்துணியில் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பார்கள், அந்தி வெயில் வேறு. மாமியார் சுவருக்குத் தேர்ந்தெடுக்கும் படம் அங்கேதான் கிடைக்கும். அதற்காகத்தான் இத்தனை பாடும்.

சாப்பாடு முடிந்து எல்லாரும் கிளம்பும்போது நானும் கேமராவை எடுக்கக் கையை நீட்டினேன்.

"மாப்பிள்ளை, என்ன பண்றீங்க?" மாமியார் பின்னாலேயே நின்றிருந்தார்.

"கேமராவ எடுக்குறேன் அத்தை. களத்துக்குப் போகணுமில்ல."

"பூசையில வச்சத எடுக்கக் கூடாது. நாளைக்குக் காலையில மறுபூசை போட்டுத்தான் எடுக்கணும்."

"நாளைக்கா?"

"இத்தன வருசமா வர்றீங்க, தெரியாதா?"

தெரியாது. தஞ்சாவூரில் எங்கள் வீட்டில் கற்பூரம் அணைந்ததும் அவரவர் பொருளை அவரவர் எடுத்துக்கொண்டு போய்விடுவோம். இங்கே இத்தனை வருடமாக நான் வைத்தது கணக்குப் புத்தகம். மறுநாள்வரை அதைத் தொடக் கூடாது என்பது எனக்கு ஒரு தடையாகவே தெரிந்ததில்லை. விடுமுறை நாளில் கணக்குப் புத்தகத்தைத் தொடுகிற வாத்தியாரை நான் இதுவரை பார்த்ததில்லை.

விடவில்லை நான். "அத்தை, டிராக்டருக்கும்தான் பூசை போட்டீங்க. இப்ப அதுலதான எல்லாரும் களத்துக்குப் போறோம்? வண்டிக்கு ஒரு நியாயம், கேமராவுக்கு ஒரு நியாயமா?"

"வண்டி எலுமிச்சம்பழத்த நசுக்கிட்டுக் கெளம்புது. உங்க கேமரா நசுக்குமா?"

"நசுக்கித்தான் பாருங்களேன்" என்றாள் என் மனைவி, தலைக்குப் பூ வைத்துக்கொண்டே.

ஒரு கணம் யோசித்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. தாம்பாளத்தில் எலுமிச்சம்பழமும் இருந்தது.

"அப்ப ஒண்ணு பண்ணலாம் அத்தை. மறுபூசைய இப்பவே போட்டுடுவோம்."

"சரசுவதிய இப்பத்தான் உக்கார வச்சுருக்கோம். அதுக்குள்ள எந்திரிங்கன்னு சொல்லச் சொல்றீங்களா?"

என்னையே சகலையைத் தவிர யாரும் உட்காரச் சொல்லாத காலம் இது. சரி, சகலையின் லேப்டாப்பும்தானே உள்ளே மாட்டிக்கொண்டது என்று மனதை ஆற்றிக்கொண்டு திரும்பினால், அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து மணி பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"தம்பி, போனும் ஆயுதம்தான? அதையும் பூசையில வச்சிருக்கலாமே."

"வச்சிருப்பேண்ணே. ஆபீஸ்லேருந்து கூப்புடுவாங்கன்னுதான் வைக்கல."

டிராக்டர் எலுமிச்சம்பழத்தை நசுக்கிவிட்டுக் கிளம்பியது. பின்னால் டிரெய்லரில் மொத்தக் குடும்பமும் ஏறியிருந்தது. என் கழுத்தில் வழக்கமாகத் தொங்கும் கேமராவின் இடம் காலியாக இருந்தது. அதைத் தடவிக்கொண்டே வந்தேன் போலிருக்கிறது. "என்னங்க, நெஞ்சு வலிக்குதா?" என்று மனைவி கேட்டாள். வலித்தது. அவள் கேட்ட இடத்தில் இல்லை.

கையில் கேமரா இல்லாதவன் ஓரத்தில் நிற்க என்ன காரணம் சொல்வான்? மாப்பிள்ளைகள் பக்கத்தில் வேறு ஓர் ஆள் குறைந்தது. ஒருவர் கணுக்கால் சுளுக்கு என்று வரப்போரம் உட்கார்ந்துவிட்டார். "இந்த வருசம் மூத்த அண்ணன் ஆடுறாரு" என்று யாரோ கத்த, ஊர்ப் பிள்ளைகள் பக்கத்திலிருந்து கைதட்டல் கிளம்பியது. எதிரணி இவ்வளவு மகிழ்ச்சியோடு வரவேற்ற ஆட்டக்காரன் நானாகத்தான் இருப்பேன்.

பேண்ட்டை முழங்கால்வரை மடித்துக்கொண்டு இறங்கினேன். முதல் பந்து என்னை நோக்கித்தான் வந்தது. பந்து வரும்போது கண்ணை மூடிக்கொள்வது என் வழக்கம் என்பது அதுவரை எனக்கே தெரியாது. திறந்தபோது பந்து பின்னால் கிடந்தது.

"மாப்பிள்ளை, பந்து மேல வருது" என்றார் மாமனார், கரையில் போட்ட சாக்கில் உட்கார்ந்தபடி, உதவி செய்கிற குரலில்.

பந்தை அடித்துப் போடுகிற முறை எனக்கு வந்தது. போட்டேன். அது வலைப் பக்கமே போகவில்லை, பக்கவாட்டில் போய் வாய்க்காலில் விழுந்தது. தண்ணீர் இழுத்துக்கொண்டு போன வேகத்தில் என் மைத்துனர் வேட்டியை வரிந்துகொண்டு கரையோடு ஓடிப்போய் மதகுக்கிட்டே பிடித்தார். அடுத்த பந்து என் தலையில் பட்டு வலையைத் தாண்டியது. புள்ளி எங்களுக்கு. அதைச் சொல்லி என் அணியினர் பெருமைப்பட்டதாகத் தெரியவில்லை.

அப்போதுதான் சகலை தோளில் கை போட்டுக்கொண்டு என்னை ஓரமாக நடத்திப் போனார்.

"அண்ணே, நீங்க ஆட வந்துட்டா இங்க படம் எடுக்க ஆளே இல்லண்ணே. இந்தாங்க என் போன். உங்களவிட யாரு நல்லா எடுப்பா?"

"ஆமாண்ணே, எடுங்க எடுங்க" என்று மற்ற மாப்பிள்ளைகள் எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். வரப்போரம் உட்கார்ந்திருந்தவர் சுளுக்கு சரியாகி எழுந்து வந்து என் இடத்தில் நின்றார்.

ஒருவனை ஆட்டத்தை விட்டு வெளியேற்றுவதை இத்தனை அன்பாகச் செய்ய முடியும் என்று அன்றுதான் கற்றுக்கொண்டேன். கையில் அவருடைய போன். நல்ல படம் எடுத்தால் அது அவர் போனில் இருக்கும். மோசமான படம் எடுத்தால் அது என் பேரில் இருக்கும். எல்லார் தலையையும் வெட்டிவிட்டுக் காலை மட்டும் எடுக்கலாமா என்றுகூடத் தோன்றியது. அவருடைய கால்களும் பார்க்க நன்றாகத்தான் இருந்தன, அதனால் அதை விட்டுவிட்டேன்.

மாமியாரை எடுத்தேன், மாமனாரை எடுத்தேன். எப்போதும் போல அவர் போட்டோ என்றதும் ஆதார் கார்டுக்கு உட்கார்ந்த மாதிரி விறைத்துக்கொண்டார். இத்தனை வருடத்தில் அவர் பல் தெரிகிற படம் அந்த வீட்டில் ஒன்றுகூட இல்லை. அது மாமியாருக்குப் பெரிய குறை. சகலையாலும் அது முடிந்ததில்லை என்பதில் எனக்கு ஒரு சின்ன ஆறுதல் உண்டு. பிறகு படம் எடுப்பதையே மறந்து ஆட்டத்தைப் பார்க்க ஆரம்பித்தேன். ஆட்டத்தை என்று சொல்வது பொய். அவரைப் பார்த்தேன். அவர் பந்தை ஏந்தினால் ஊர் வாயைத் திறந்தது. அவர் கீழே விழுந்து எழுந்தால் மைத்துனி எழுந்து நின்றாள். ஒரு பந்துக்கு என் மனைவி கை தட்டினாள். நான் மாநில அளவில் கணக்குப் பயிற்சி கொடுக்கத் தேர்வானபோதுகூட அவள் "சரி, சாப்புட வாங்க" என்றுதான் சொன்னாள். அவர் சட்டை நனைந்திருந்தது, அதுவும் அவருக்குப் பொருந்தியது. என் கண் அவரை விட்டு ஓர் அங்குலம் நகரவில்லை. பொறாமையோடு பார்க்கிறவனுக்கு இமைக்கக்கூட நேரம் கிடைப்பதில்லை.

கடைசிப் பந்து. வலையோரம் யாரோ தூக்கிக் கொடுக்க, சகலை ஓடிவந்து எழும்பினார். விழுந்து தொலையேன் என்று மனதுக்குள் சொன்னது நன்றாக நினைவிருக்கிறது. விரல் எப்போது போனைத் தட்டியது என்பது நினைவில்லை.

பந்து எதிர்ப்பக்கத்தில் போய்க் குத்தியது. மாப்பிள்ளைகள் ஜெயித்துவிட்டார்கள். ஒரே கூச்சல். நான் போனைத் திருப்பிப் பார்த்தேன்.

அந்தரத்தில் நிற்கிறார் சகலை, கை பின்னால் வளைந்திருக்கிறது, முகத்துக்கு நேரே பந்து. அவருக்குப் பின்னால் சாக்கில் வரிசையாக மொத்தக் குடும்பம், அத்தனை முகமும் அண்ணாந்து. என் மனைவியின் கை தட்டுவதற்குப் பாதி வழியில் நிற்கிறது. மைத்துனி பாதி எழுந்திருக்கிறாள். மாமியார் மாமனாரின் தோளைப் பிடித்திருக்கிறார். மாமனார் வாய்விட்டுச் சிரிக்கிறார், கடைவாய்ப் பல்வரை தெரிகிறது. அதற்கும் பின்னால் சம்பாப் பயிர், அதன் மேல் அந்தி வெயில். எல்லாம் அதனதன் இடத்தில், கத்தி மாதிரி தெளிவாக.

என் வாழ்நாளில் நான் எடுத்த ஒரே நல்ல படம். அதில் நடுநாயகமாக நிற்பது யார் என்று பாருங்கள்.

கட்டைவிரலுக்குக் கீழேயே அழிக்கிற பொத்தான் இருந்தது. விரலைக் கொண்டுபோனேன். கொஞ்ச நேரம் அங்கேயே வைத்திருந்தேன். சுவர் ஞாபகம் வந்தது. யார் படத்தில் இருந்தால் என்ன, எடுத்தவன் நான்தானே. மாமியார் "எங்க மாப்பிள்ளை எடுத்தது" என்று சொல்லும்போது அது நானாகத்தானே இருக்க முடியும்? விரலை எடுத்துவிட்டேன்.

சகலை வந்து வாங்கிப் பார்த்தார். வழக்கமான "சூப்பர்ணே" வரவில்லை. "மாமா சிரிக்கிறாருண்ணே" என்றார் மெதுவாக. பிறகு எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினார். மாமியார் போனை முகத்துக்குக் கிட்டே வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். மாமனார் எட்டிப் பார்த்துவிட்டு, "இது நானா?" என்று கேட்டுவிட்டு விறைப்பாகிக்கொண்டார்.

சாயங்காலம் சகலை அந்தப் படத்தைக் குடும்பக் குழுவில் போட்டார். கீழே 'எடுத்தது அண்ணன்' என்று எழுதவும் செய்தார். நான் சொன்னேனே, ஒரு தப்பும் செய்ய மாட்டார். ஆனால் படத்துக்குக் கீழே இருப்பதை யார் படிக்கிறார்கள்? துபாயில் இருக்கும் பெரியப்பா மகனிலிருந்து திருவாரூர் சித்திவரை எல்லாரும் 'அருமை மாப்பிள்ளை', 'செம போட்டோ தம்பி' என்று அவருக்கே பதில் போட்டுக்கொண்டிருந்தார்கள். நானும் ஒரு கட்டைவிரலைப் போட்டு வைத்தேன், என் படத்துக்கு நானே.

மறுநாள் மறுபூஜை முடிந்து கேமரா கைக்கு வந்தபோது சகலை குடும்பம் சென்னைக்குக் கிளம்பியிருந்தது. களத்துக்குப் போய் வலையைப் படம் எடுத்தேன். வலை நன்றாக வந்தது.

தீபாவளிக்குப் போனபோது செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே சுவரைப் பார்த்தேன். ஏறியிருந்தது. வெள்ளையடித்த சுவரில், புதுச் சட்டத்தில், பெரிதாக. என் படம். முதல் வருடத்துக்குப் பிறகு அந்த வீட்டுக்குள் நான் அவ்வளவு நிமிர்ந்து நுழைந்ததில்லை. யாராவது வந்து கேட்க வேண்டுமே என்று அந்தச் சுவருக்கு எதிரிலேயே நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மாமியார் இரண்டு தடவை கூட்டிப் பெருக்க வந்து, "கொஞ்சம் காலத் தூக்குங்க மாப்பிள்ளை" என்றார். தூக்கினேன், நகரவில்லை.

கடைசியில் எதிர்வீட்டு அம்மா அதிரசத் தட்டோடு வந்தார். தட்டைக் கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்தார். "ஆத்தாடி, உங்க வீட்டய்யா சிரிக்கிறாரே. இத யாரு எடுத்தது?"

நான் முகத்தை அடக்கமாக வைத்துக்கொண்டேன்.

"எங்க மாப்பிள்ளை எடுத்தது" என்றார் மாமியார், அதிரசத்தை டப்பாவில் அடுக்கிக்கொண்டே. "சின்னவரு. இந்த போட்டோவுலயும் அவருதான் குதிக்கிறாரு பாருங்க."

குதித்துக்கொண்டே தன்னைத் தானே எப்படி எடுத்துக்கொள்வார் என்று எதிர்வீட்டு அம்மா கேட்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்கவில்லை. "கெட்டிக்காரப் புள்ள" என்று தலையை ஆட்டினார்.

பொறுக்க முடியவில்லை. நாற்காலியை விட்டு எழுந்தேன். "அத்தை, அத எடுத்தது நான். நான்தான். எல்லாரும் பாத்துக்கிட்டுத்தான இருந்தீங்க, களத்துல நின்னு நான் எடுத்தத?"

மாமியார் டப்பாவை மூடினார்.

"போன் அவருதுதான மாப்பிள்ளை."